பொனேரில் கரை டைவ்: தண்ணீருக்குள் இருக்கும்போது பிக்கப்பில் எதை விட்டுவைக்கலாம்?

நெய்தல்_கேள்வி:

வணக்கம். பிப்ரவரியில் நாங்கள் நான்கு பேர் கரீபியன் கடலில் உள்ள பொனேர் தீவுக்கு ஸ்கூபா டைவ் செய்யப் போகிறோம். நால்வரிடமும் அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர், நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டிய காற்று) இரண்டு சான்றிதழும் உண்டு. ஆனால் பழக்கமெல்லாம் படகிலிருந்து குதிப்பதுதான். வண்டியைக் கரையில் நிறுத்திவிட்டு நாங்களே இறங்கி ஏறுவது புதிது.

டபுள் கேப் பிக்கப் ஒன்று பதிவு செய்தாயிற்று. வாடகைக் கம்பெனி அனுப்பிய தகவலில் "வண்டிக்குள் எதையும் வைக்க வேண்டாம், கதவைப் பூட்டவும் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார்கள். பூட்டாமல் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் தண்ணீருக்குள் இருப்பதா? அப்படியானால் சாவி, பணம், பாஸ்போர்ட், போன், கேமரா எல்லாம் எங்கே போகும்? இரண்டாவது டைவுக்கான டேங்கை வண்டியில் விடலாமா? எந்த இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரைக்காற்று:

பூட்டாதீர்கள். கம்பெனி சொன்னது சரி.

அங்கே டைவர்களுக்குப் பெரும்பாலும் நேர்வது வழிப்பறி அல்ல, வண்டியில் விட்டதை அள்ளிக்கொண்டு போவது. அதற்குத் தீவின் அமைப்பே வசதி செய்துகொடுக்கிறது. மேற்குக் கரை முழுக்கக் காற்று மறைவு, சாலை கடலை ஒட்டியே ஓடுகிறது. இறங்கும் இடம் ஒவ்வொன்றிலும் சாலையோரம் மஞ்சள் வண்ணம் பூசிய கல், அதில் இடத்தின் பெயர். கரையிலிருந்தே இறங்கக்கூடிய இடங்கள் 60-க்கு மேல். மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில் பின்தட்டில் டேங்க் ரேக்கோடு ஒரு பிக்கப் நின்றால், அதன் ஆட்கள் தண்ணீருக்குள் இருக்கிறார்கள், 50 நிமிடமாவது வரமாட்டார்கள் என்று யாருக்கும் தெரியும். திருடுகிறவனுக்கு அரை நிமிடம் போதும். கதவு பூட்டியிருந்தால் அவன் திரும்பிப் போவதில்லை, கண்ணாடியை உடைக்கிறான். கண்ணாடிக் காசு உங்கள் தலையில் விழும். வேறு வண்டி மாற்றுவதற்குள் அரை நாள் டைவும் போய்விடும்.

எனவே உள்ளே ஒன்றுமில்லை என்பது வெளியில் நின்று பார்த்தாலே தெரிய வேண்டும். நான்கு கண்ணாடிகளையும் முழுக்க இறக்கிவிடுங்கள். டாஷ்போர்டுப் பெட்டியின் மூடியைத் திறந்து தொங்கவிடுங்கள். சீட்டுக்கு அடியில்கூட எதையும் செருகாதீர்கள். ஒரு பையை வைத்து அதன்மேல் துண்டைப் போட்டு மூடுவதுதான் இருப்பதிலேயே மோசம், துண்டே காட்டிக்கொடுத்துவிடும். மூடிய டிக்கி உள்ள கார், எஸ்யூவி எல்லாம் இதனால்தான் கரை டைவுக்கு உதவாது. உள்ளே இருப்பது தெரியாவிட்டால் நெம்பித்தான் பார்ப்பார்கள். இடையில் ஒரு மழைத் தூறல் வந்து சீட் நனைந்தால் நனையட்டும், நீங்களும் நனைந்த வெட்சூட்டோடுதான் உட்காரப் போகிறீர்கள்.

கேமராவையும் போனையும் எல்லாரும் நினைவில் வைப்பார்கள். காணாமல் போவது பெரும்பாலும் சின்னச் சாமான்: செருப்பு, டி-ஷர்ட், கூலிங் கிளாஸ், ஐஸ் பெட்டி, சார்ஜர் வயர். பவர் மாஸ்க் போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். மூக்குக்கண்ணாடியை டாஷ்போர்டில் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, அது போய்விட்டால் மாஸ்கோடுதான் வண்டி ஓட்டி ஊர் திரும்ப வேண்டும். கண்ணாடியைக் கெட்டியான கூட்டில் போட்டு பிசிடி (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்று ஜாக்கெட்) ஜிப் பாக்கெட்டில் எடுத்துப் போங்கள். 30 மீட்டர் ஆழம் கண்ணாடியை ஒன்றும் செய்யாது. ஆனால் காற்று அடைபட்ட கூடு அழுத்தத்தில் நசுங்கும், அதனால் கூட்டில் இரண்டு ஓட்டை போட்டுத் தண்ணீர் உள்ளே போக விடுங்கள்.

அறையிலிருந்தே டைவ் உடையில் கிளம்பிவிடுவது நல்லது. வெட்சூட் இடுப்பு வரை, மேலே ராஷ்கார்டு, காலில் கெட்டியான அடி வைத்த பூட். கரை முழுக்கக் கூரான சுண்ணாம்புப் பாறையும் உடைந்த பவளத் துண்டும்தான், எனவே முழுப் பாத ஃபின் வேண்டாம், பூட்டுக்கு மேல் மாட்டும் வார் ஃபின்தான் சரி. வண்டியில் ஏற வேண்டியவை டேங்க், பிசிடி, ரெகுலேட்டர் (டேங்க் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி), ஃபின், மாஸ்க், பழைய துண்டு, மாஸ்க் கழுவ ஒரு கேன் குழாய்த் தண்ணீர். குழாய்த் தண்ணீர் அங்கே கடல்நீரைச் சுத்திகரித்தது, குடிக்கலாம். பழைய பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள், அதை யாரும் எடுக்கமாட்டார்கள். உதிரிச் சாமான் பெட்டி என்று பெரிதாக ஒன்று வேண்டாம். நாலைந்து ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஒரு ஃபின் வார், ஜிப் டை, பழைய ஸ்பேனர் ஒன்று, எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், போனாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு.

டேங்க்: 80 கன அடி அலுமினியம்தான் அங்கே வழக்கம். வெறும் டேங்கைப் பின்தட்டில் விடுவதில் பெரிய ஆபத்தில்லை, கனமும் அதிகம், விற்பதும் சிரமம். ஆனால் இரண்டாவது டைவுக்கு என்று ரெகுலேட்டரையும் மாட்டித் தயாராக வைத்துவிட்டுப் போகாதீர்கள், ரெகுலேட்டர் ஒரு நொடியில் பைக்குள் போய்விடும். டேங்க் தொலைந்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று டைவ் கடையில் முதல் நாளே கேட்டு வையுங்கள். ஊருக்குப் பக்கத்து இடங்களுக்கு இரண்டாவது டேங்கே தேவையில்லை. அளவில்லாக் காற்று பேக்கேஜ் எடுத்தால், வண்டியை உள்ளே விட்டு டேங்க் மாற்றிக்கொண்டு போகும் நிலையங்கள் இருக்கின்றன. டைவ் முடிந்ததும் அங்கே மாற்றி, அறைக்குப் போய்ச் சாப்பிட்டு, மறுபடி கிளம்பலாம். நைட்ராக்ஸை நீங்களே அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். 32 சதவீத ஆக்சிஜன் கலவைக்கு, ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.4 பார் என்ற கணக்கில் ஆழ எல்லை 33 மீட்டர்.

ஓரிங்_மாமா:

சாவி பத்தி நான் சொல்றேன். வண்டி எடுக்கறப்பவே எந்த மாதிரி சாவின்னு பாருங்க. ஆன்லைன்ல பதிவு பண்ணும்போதே கேட்டுட்டா இன்னும் நல்லது.

பழைய டீசல் பிக்கப்னா பெரும்பாலும் வெறும் இரும்புச் சாவி. கவலையே இல்ல. பிசிடி ஜிப் பாக்கெட்டுக்குள்ள ஒரு வளையம் இருக்கும், அதுல போல்ட் ஸ்னாப் கொக்கி போட்டு மாட்டி, அப்புறம் ஜிப்பை மூடுங்க. பாக்கெட்ல சும்மா போடாதீங்க. லைட்டையோ எஸ்எம்பியையோ (மேல விடற அடையாள மிதவை) எடுக்கும்போது சாவியும் கூடவே வந்து மணல்ல விழுந்துடும், அப்புறம் கிடைக்காது. யார்கிட்ட, எந்தப் பாக்கெட்ல இருக்குன்னு நாலு பேருக்கும் தெரியணும்.

பட்டன் வச்ச ரிமோட் சாவின்னா உள்ள பேட்டரி, சர்க்யூட் போர்டு எல்லாம் இருக்கு. உப்புத்தண்ணி பட்டா போச்சு, புதுச் சாவிக்கு ஒரு கணிசமான தொகை கட்டணும். பட்டன் இல்லாத சாவியிலயும் தலைப்பகுதி தடிமனான பிளாஸ்டிக்கா இருந்தா உள்ள சிப் இருக்கலாம், அதையும் நனைக்காதீங்க. இந்த ரெண்டுக்கும் டைவ் பெட்டி (தண்ணி புகாத கெட்டிப் பெட்டி) வேணும்.

போனுக்கு விக்கிற பிளாஸ்டிக் உறை வேலைக்கு ஆகாது. 30 மீட்டர்ல மொத்த அழுத்தம் 4 பார். அந்த உறை ஒண்ணு ரெண்டு மீட்டருக்குத்தான் செஞ்சிருப்பான். குறைஞ்சது 60 மீட்டர்னு போட்ட கெட்டிப் பெட்டி வாங்குங்க. வாங்கினதும் சாவியைப் போட்டுடாதீங்க. முதல் நாள் செக்-அவுட் டைவுல (தீவுல முதல்ல போடற அறிமுக டைவ்) டிஷ்யூ பேப்பரை மட்டும் உள்ள வச்சு இறக்கிப் பாருங்க. பேப்பர் காய்ஞ்சிருந்தா அடுத்த டைவுல சாவி போகலாம்.

பெட்டி ஒழுகுறது பெரும்பாலும் ஆழத்துல இல்ல, மேல ஒண்ணு ரெண்டு மீட்டர்லதான். கீழ போகப்போக அழுத்தமே மூடியை ஓ-ரிங் மேல வச்சு அமுக்கிடும். மேல அந்த அமுக்கம் கிடையாது, அலைல இறங்குறப்ப அடியும் படும். ஓ-ரிங்ல ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் இருந்தாப் போதும். ஒவ்வொரு தடவையும் ஓ-ரிங்கை வெளிய எடுத்து, விரல்ல உருவிப் பார்த்து, பள்ளத்தையும் துடைச்சு, சிலிக்கான் கிரீஸ் பளபளப்பு தெரியற அளவுக்கு மட்டும் தடவுங்க. கிரீஸ் அப்பினா மணலைத்தான் பிடிச்சு வைக்கும்.

திறக்கறப்பவும் கவனம். மேல வந்ததும் தலையைக் குனிஞ்சு பெட்டியைத் திறந்தா முடியிலேர்ந்து சொட்டற உப்புத்தண்ணி நேரா சாவி மேலதான் விழும். முதல்ல தலை, கை, பெட்டி மூணையும் துடைச்சுட்டுத் திறங்க. அரை லிட்டர் பெட்டின்னா கிட்டத்தட்ட அரைக் கிலோ மிதப்பு குடுக்கும். பெட்டியோட எடையைக் கழிச்சுட்டு மீதிக்கு ஈயம் சேர்த்துக்கோங்க. இல்லன்னா 5 மீட்டர் சேஃப்டி ஸ்டாப்ல (மேல வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நிக்கிற இடம்) நிக்க முடியாம மேல தூக்கும்.

ரெண்டு சாவியையும் ஒரே கம்பியில கோத்துக் குடுத்தா பிரிச்சுக் குடுக்கச் சொல்லி ஒண்ணை அறையில வச்சுடுங்க.

நெய்தல்_கேள்வி:

மிக்க நன்றி. கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன், ரிமோட் சாவிதானாம். பெட்டி வாங்காமல் சாவியைப் பின் டயர் மேலோ ஒரு கல்லுக்கு அடியிலோ வைக்கலாம் என்கிறார் எங்கள் குழுவில் ஒருவர். இன்னொன்று, எங்களிடம் பயணக் காப்பீடு இருக்கிறது. திருட்டுக்கு அது உதவுமா?

கடல்வழி:

டயர், பம்பர், கல், எதுவும் வேண்டாம். குனிந்து வைப்பதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தால் தெரியும், பார்க்காதவனும் முதலில் கை வைக்கும் இடம் டயர்தான். இதில் போவது சட்டை செருப்பு அல்ல, வண்டியே. பல வாடகை ஒப்பந்தங்களில் சாவியை வண்டியிலோ அருகிலோ விட்டிருந்தால் வண்டித் திருட்டுக்குக் காப்பு கிடையாது. பெட்டியின் விலையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காப்பீட்டை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். வண்டிக்கான விபத்துக் காப்பு உள்ளே இருந்த சாமானுக்குப் பொருந்தாது. கண்ணாடி, டயர், வண்டியின் அடிப்பாகம் ஆகியவற்றையும் பல கம்பெனிகள் விலக்கி வைத்திருக்கும். கவுன்டரில் நின்று குறிப்பாகக் கேளுங்கள்: கண்ணாடி உடைந்தால் யார் கட்டுவது, ஸ்டெப்னியும் ஜாக்கியும் பேட்டரியும் போனால் யார் கட்டுவது, மண் சாலையில் போனால் காப்பு செல்லுமா? ஸ்டெப்னி இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டாமல் விடச் சொல்வது கம்பெனியின் அறிவுரை என்றால் அந்தத் தகவலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பயணக் காப்பீட்டில் "ஆளில்லாத வாகனத்தில் விட்ட பொருள்" என்று ஒரு விலக்கு பெரும்பாலும் இருக்கும். பூட்டாத வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே வண்டியில் விட்ட பொருளுக்குக் காப்பீட்டிலிருந்து ஒன்றும் வராது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். அறையிலிருந்து போனதற்குக் கேட்கலாம், அதற்குப் போலீஸ் அறிக்கை வேண்டும். தலைநகர் கிராலண்டைக்கில் காவல் நிலையம் இருக்கிறது, அவசர எண் 911. ரெகுலேட்டர், கம்ப்யூட்டர், கேமரா ஆகியவற்றின் சீரியல் எண்களையும் ரசீதுகளையும் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். எண் இல்லாமல் எழுதிக்கொடுக்கும் புகார் காப்பீட்டுக்கும் உதவாது, பொருளைத் தேடவும் உதவாது.

பாஸ்போர்ட் அறையின் பெட்டகத்திலேயே இருக்கட்டும். தொலைந்தால் சின்ன வேலை அல்ல, அமெரிக்கர்களுக்கான துணைத் தூதரகம்கூடப் பக்கத்துத் தீவான குராசாவோவில்தான். டிரைவிங் லைசென்ஸ் ஓட்டுகிறவரிடம் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் அட்டைதானே, ஜிப் பாக்கெட்டில் போட்டு நனைத்தால் ஒன்றும் ஆகாது, மாலையில் நல்ல தண்ணீரில் அலசுங்கள். பணமும் அப்படியே. 2011 முதல் தீவின் நாணயம் அமெரிக்க டாலர். அந்த நோட்டு பருத்தியும் லினனும் கலந்தது, நனைந்தாலும் காய்ந்துவிடும். சாப்பாட்டுக்கு 20, 40 டாலர் பாக்கெட்டில் போதும்.

நுழைவு வரி ஆளுக்கு 75 டாலர், கடல் பூங்காவுக்கான இயற்கைக் கட்டணம் ஆண்டுக்கு 40 டாலர், இரண்டையும் இணையத்தில் முன்பே கட்டி அச்செடுத்துக்கொள்ளுங்கள். கட்டண ரசீது இல்லாமலும், முதல் நாள் அறிமுக டைவ் முடிக்காமலும் மற்ற இடங்களில் இறங்கக்கூடாது. பூங்காவைப் பார்த்துக்கொள்வது ஸ்டினாபா என்ற அமைப்பு. அவர்கள் விதிப்படி கையுறை போட அனுமதி இல்லை, பவளத்தைப் பிடித்து ஏறுவதும் கூடாது. நன்றாகவே செய்கிறார்கள், அந்தக் காசைக் கணக்குப் பார்க்காமல் கட்டுங்கள்.

தங்குமிடத்தை மறந்துவிட வேண்டாம். வெட்சூட்டையும் ரெகுலேட்டரையும் கீழ்த்தளப் பால்கனிக் கம்பியில் இரவு முழுக்கத் தொங்கவிட்டால் காலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கியர் லாக்கர் உள்ள இடமாக எடுங்கள், பூட்டு நீங்களே கொண்டுபோங்கள். நகரும் கண்ணாடிக் கதவு என்றால் கீழே தண்டவாளத்தில் போட ஒரு கட்டை கேளுங்கள்.

மஞ்சள்_கல்:

இடங்களைப் பற்றி.

தெற்கே சமதரை. சாலையிலிருந்து சில அடியில் கடல், மேலே வந்து தலையைத் தூக்கினால் வண்டி தெரியும். ஆனால் வீடு கிடையாது, மரம் கிடையாது, சாலையில் போகிறவன் நிறுத்தினால் கேட்க ஆள் கிடையாது. ஹில்மா ஹூக்கர், சால்ட் பியர் போன்ற பேர்பெற்ற இடங்களில் பகலில் வேறு டைவர்களும் இருப்பார்கள். பிங்க் பீச், மார்கேட் பே, ரெட் ஸ்லேவ் என்று கீழே போகப்போக ஆள் குறையும். சால்ட் பியரில் உப்புக் கப்பல் கட்டியிருந்தால் இறங்க முடியாது. வெகுதூரம் போய்விட்டுத் திரும்ப வேண்டாம், கிளம்புமுன் டைவ் கடையில் கேளுங்கள். ரெட் ஸ்லேவில் நீரோட்டம் பலமாக இருக்கும், முதல் இரண்டு நாளில் அங்கே போக வேண்டாம்.

வடக்கே கரை பாறைச் செங்குத்து. 1000 ஸ்டெப்ஸில் வண்டி மேலே சாலையில் நிற்கும், படி இறங்கிக் கீழே போனால் கண்ணிலேயே படாது. அதைத் தாண்டினால் சாலை ஒருவழி. கர்பாட்டா, கோட்டோ ஏரி, ரின்கான் என்று சுற்றித்தான் ஊருக்கு வர முடியும். எதையாவது மறந்துவிட்டு வந்தாலும், "இந்தப் பையை அறையில் வைத்துவிட்டு வந்திருக்கலாமே" என்று தோன்றினாலும் திரும்ப வழி இல்லை. எனவே வடக்கே போகும் நாளில் வண்டியைக் காலியாக்கிப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

நீங்கள் நான்கு பேர் என்பது பெரிய வசதி. தொலைதூர இடத்துக்கு ஐஸ் பெட்டி, கேமரா சாமான், எட்டு டேங்க் என்று எடுத்துப்போக ஆசைப்பட்டால் இரண்டிரண்டு பேராக இறங்குங்கள். ஒரு ஜோடி தண்ணீரில், ஒரு ஜோடி வண்டியில். ஆள் உட்கார்ந்திருக்கும் வண்டியை யாரும் தொடமாட்டார்கள். தெற்கே நிழலே இல்லை, ஒரு குடையோ தார்ப்பாயோ வேண்டும். யாராவது வந்து துழாவினால் மல்லுக்கட்டாதீர்கள், வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு 911-க்குச் சொல்லுங்கள்.

டைவும் நேரத்துக்கு முடிய வேண்டும். கரையிலிருந்து ஆழமில்லாத மணல் தரையில் 30 முதல் 60 மீட்டர் நீந்தினால், சுமார் 10 மீட்டர் ஆழத்தில் சரிவு தொடங்கும். நீரோட்டத்துக்கு எதிராகத் தொடங்கி, டேங்கில் 200 பாரோடு இறங்கினால் 130-ல் திரும்புங்கள். சரிவின் விளிம்பில் நீங்கள் கடந்த இடத்தில் ஒரு அடையாளம் பார்த்துவையுங்கள், பெரிய மூளைப் பவளம், நங்கூரக் கட்டை, எதுவானாலும் சரி. அதைத் தவறவிட்டு அரை கிலோமீட்டர் தள்ளி ஏறினால், டேங்கைச் சுமந்துகொண்டு சாலையில் நடக்கும் அந்த நேரமெல்லாம் வண்டி தனியாகத்தான் நிற்கும்.

இரவு டைவை ஊருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பாரி ரீஃப், சம்திங் ஸ்பெஷல், அல்லது நீங்கள் தங்கும் இடத்தின் முன்னாலுள்ள ரீஃப். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும், வண்டியை எடுக்கவே தேவையில்லாமலும் போகும். ராத்திரியில் பார்க்க வேண்டிய உயிர்கள் அங்கேயே தாராளமாக உண்டு.

நெய்தல்_கேள்வி:

பெட்டி வாங்கிவிடுகிறோம். கடைசியாக ஒன்று. போனையும் அறையில் விட்டுவிட்டால், யாருக்காவது டிகம்ப்ரஷன் (மேலே ஏறும்போது உடம்பில் வாயுக் குமிழி உண்டாகும் நோய்) அறிகுறி வந்தால் எப்படிக் கூப்பிடுவது? கடைசி நாளில் அறையைக் காலி செய்த பிறகு பெட்டிகளை வண்டியில் வைத்துக்கொண்டு சுற்றலாமா?

கரைக்காற்று:

போன் ஒன்று கட்டாயம் கூட இருக்க வேண்டும். திருட்டுக்குப் பயந்து அதை அறையில் விடுவது தவறான சிக்கனம். சாவிக்கு வாங்கும் பெட்டியைச் சற்றுப் பெரிதாக வாங்கி, உள்ளூர் சிம் போட்ட சின்ன பட்டன் போனையும் அதிலேயே வையுங்கள். விலை குறைந்த போன்தானே என்று டாஷ்போர்டில் விடாதீர்கள், தேவைப்படும் நேரத்தில் அது இருக்காது. கிராலண்டைக்கில் ஃபுண்டாஷோன் மரியாடால் மருத்துவமனை இருக்கிறது, அங்கே அதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறையும் உண்டு. டைவர் காப்பீட்டு எண், தங்குமிடத்தின் எண், டைவ் கடையின் எண் மூன்றையும் போனில் பதிவதோடு ஒரு தாளில் எழுதி லாமினேட் செய்து பெட்டிக்குள் போடுங்கள். டைவ் கடையில் ஆக்சிஜன் எங்கே இருக்கிறது, இரவில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை முதல் நாளே கேளுங்கள்.

கடைசி நாள்: பல நாள் தொடர்ந்து டைவ் செய்திருந்தால் விமானத்துக்கு முன் குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் 24. அந்த ஒரு நாளில் கியரைக் கழுவிக் காயவைத்து எடுத்துவைக்கலாம். பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கேயும் நிறுத்தாதீர்கள். மதியம் அறையை விட்டு, மாலை விமானத்துக்கு நடுவே ஒரு சாப்பாடு, ஒரு கடைசிக் குளியல் என்று போகிறவர்களின் பின்தட்டில் மொத்தக் கியரும் பாஸ்போர்ட்டும் இருக்கும், அதுவும் பூட்ட முடியாத பின்தட்டு. பெட்டிகளைத் தங்குமிடத்தின் அலுவலகத்தில் வைக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பும்போது ஏற்றி, நேரே ஃபிளமிங்கோ விமான நிலையம் போங்கள். ஒருவர் வண்டிக் கணக்கை முடிக்கும்வரை மற்றவர்கள் பெட்டிகளோடு நிற்கட்டும்.